நிலம், நிலவொளி, முகம்: படம் எடுப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

பல வருடங்களாக நான் எடுப்பது மூன்றே விஷயங்கள்தான்: திறந்த நிலம், நிலா வெளிச்சம், கேமரா இருப்பதை மறந்துவிட்ட மனிதர்கள். என் படங்களைப் பார்த்தவர்களும் என்னோடு படம் எடுக்க வந்தவர்களும் கேட்ட சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருந்தன. அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே அவற்றை இங்கே எழுதி, எனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறேன். வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் சில, முன்னால் சொன்னதை வைத்துத்தான் புரியும்.

"என்கிட்ட போன் மட்டும்தான் இருக்கு. இதை வெச்சு ஆரம்பிக்கலாமா?"

தாராளமாக. பகல் வெளிச்சத்தில் நிலக்காட்சிக்கும், ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவரின் முகத்துக்கும் போன் போதும். எங்கே நிற்பது, எப்போது எடுப்பது என்ற இரண்டையும் பழகிக்கொள்ள அதைவிட எளிய கருவி கிடையாது. எப்போதும் கையில் இருப்பது அதுதானே.

தொலைவில் இருக்கும் நிலாவுக்கும், நிலா வெளிச்சத்தில் பல விநாடிகள் ஷட்டரை (ஒளியை உள்ளே விடும் திரையை) திறந்து வைக்கும் படங்களுக்கும் வரும்போதுதான் போன் திணறும். அந்தக் கட்டத்துக்கு வந்தவர்கள் முதலில் வாங்க வேண்டியது ஆடாத ஒரு ட்ரைபாட், அதாவது கேமராவைத் தாங்கும் முக்காலி. கேமராவை அதற்குப் பிறகு யோசிக்கலாம். ஆட்டம் காணும் ட்ரைபாடில் எவ்வளவு நல்ல கேமராவை வைத்தாலும் இரவுப் படம் தேறாது.

"எந்த நேரத்துல எடுத்தா படம் நல்லா வரும்?"

சூரியன் அடிவானத்தை ஒட்டி இருக்கும் காலையும் மாலையும். அப்போது ஒளி காற்றுக்குள் கடந்து வரும் தூரம், சூரியன் தலைக்கு நேர் மேலே இருக்கும்போது உள்ளதைவிட 38 மடங்கு வரை கூடுகிறது. வழியிலேயே நீலம் சிதறிப்போக, மஞ்சளும் சிவப்பும் நம்மிடம் வந்து சேர்கின்றன. ஒளி பக்கவாட்டில் விழுவதால் ஒவ்வொரு மேடும் பள்ளமும் நிழலோடு எழுந்து நிற்கும்.

சூரியன் மறைந்ததும் எல்லோரும் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அதில் மிகுந்த வருத்தம். சூரியன் அடிவானத்துக்குக் கீழே ஏறக்குறைய 4 முதல் 6 டிகிரி இறங்கியிருக்கும்போதுதான் வானம் ஆழமான நீலமாகும். உயரத்தில் உள்ள ஓசோன், ஒளியில் இருக்கும் ஆரஞ்சையும் சிவப்பையும் உறிஞ்சிக்கொள்வது அதற்கு ஒரு முக்கியக் காரணம். இன்னும் அரை மணி நேரம் நில்லுங்கள்.

மேகமூட்டமான நாளை வீண் என்று ஒதுக்க வேண்டாம். காடு, அருவி, முகம் மூன்றுக்கும் அந்தச் சீரான வெளிச்சம் வெயிலைவிட நல்லது.

"நேர்ல பார்க்கும்போது அவ்வளவு பிரமாண்டமா இருந்த மலை, படத்துல ஏன் சப்புன்னு இருக்கு?"

நேரில் நிற்கும்போது கண் மட்டும் பார்ப்பதில்லை. காற்று முகத்தில் படுகிறது, கால் ஏறி வந்த தூரத்தைச் சொல்கிறது, தலையைத் திருப்பித் திருப்பிப் பத்து காட்சிகளை ஒன்றாகச் சேர்த்துக்கொள்கிறோம். படத்துக்கு இதெல்லாம் கிடைக்காது. அகன்ற லென்ஸில் எடுத்தால் தூரத்து மலை இன்னும் குறுகிப்போகும்.

மலையின் அளவைச் சொல்ல ஏதாவது ஒன்று படத்தின் சட்டத்துக்குள் வேண்டும்: ஒற்றை மரம், நடந்துபோகும் ஆள், காலடியில் ஒரு பாறை. அல்லது துணிந்து, தூரத்தை அருகே இழுக்கும் 100, 200 மில்லிமீட்டர் லென்ஸைப் போட்டு மலையின் ஒரு மடிப்பை மட்டும் எடுங்கள். நான் எடுத்தவற்றில் எனக்கு மிகப் பிடித்த மலைப் படங்களில் பாதிக்கு மேல் சிகரமே இல்லை.

"கிட்ட இருக்கற பாறை, தூரத்துல இருக்கற மலை, ரெண்டுமே தெளிவா வரணும். எதுல ஃபோகஸ் பண்றது?"

இரண்டிலும் வேண்டாம், நடுவில் வையுங்கள். படம் பதியும் பரப்பான சென்சார் பெரிதாக உள்ள முழு ஃபிரேம் கேமராவில் 24 மில்லிமீட்டர் லென்ஸை எஃப் 11-ல் வைத்து (எஃப் எண் கூடக் கூட லென்ஸின் துளை சிறிதாகும்), சுமார் 1.8 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால் 90 சென்டிமீட்டரிலிருந்து அடிவானம் வரை ஏற்கத்தக்க தெளிவு கிடைக்கும். எனக்கு மலை கொஞ்சம் கூடுதல் கூர்மையாக வேண்டும் என்பதால் இரண்டரை மீட்டரில் வைக்கிறேன். அபெர்ச்சரை, அதாவது அந்தத் துளையை, எஃப் 22 வரை மூடினால் எல்லாம் இன்னும் தெளிவாகும் என்று நினைக்காதீர்கள். சிறிய துளை வழியே நுழையும் ஒளி விளிம்பில் வளைந்து பரவுவதால் படம் முழுக்க மழுங்கிவிடும்.

"நிலாவை எடுத்தா வெறும் வெள்ளைப் பொட்டுதான் வருது. ஏன்?"

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். சுற்றிலும் இரவு, ஆனால் நிலாவின் மேல் இப்போது அடிப்பது பட்டப்பகல் வெயில். கேமரா கறுப்பு வானத்தைப் பார்த்துவிட்டு நீண்ட எக்ஸ்போஷர் கொடுக்கிறது, அதாவது ஒளியை அதிக நேரம் உள்ளே விடுகிறது. வெயிலில் நிற்கும் நிலா வெளுத்துப்போகிறது.

வெயிலில் கிடக்கும் ஒரு கல்லை எடுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் நாமே வைக்கும் மேனுவலில் எஃப் 11, ஐஎஸ்ஓ (ஒளிக்கு கேமராவின் உணர்திறன்) 100, ஷட்டர் 1/100 விநாடி. பௌர்ணமி நிலாவுக்கு இது நல்ல தொடக்கம். ஐஎஸ்ஓ 200 என்றால் 1/200. நிலா அடிவானத்தில் மங்கலாகச் சிவந்திருந்தாலோ பிறையாக இருந்தாலோ ஒன்றிரண்டு ஸ்டாப் கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு). நிலாவின் தரை உண்மையில் கருமையானது, தன் மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 12 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. இருட்டின் நடுவில் இருப்பதால்தான் நமக்கு அது வெள்ளி.

பள்ளங்களும் மலைகளும் தெரிய வேண்டுமென்றால் பௌர்ணமி சரியான நாள் அல்ல. அரை நிலா நாட்களில் வெளிச்சமும் இருளும் சந்திக்கும் கோட்டை ஒட்டிப் பாருங்கள். நிலத்துக்கு மாலை வெயில் செய்வதை நிலாவுக்கு அந்தக் கோடு செய்கிறது.

"எழும்பும்போது நிலா தட்டு மாதிரி பெரிசா இருந்துச்சு. படத்துல கடுகாட்டம் இருக்கே?"

அடிவானத்து நிலா பெரிதாகத் தெரிவது மனம் செய்யும் வேலை. வானில் எங்கே இருந்தாலும் நிலாவின் அகலம் அரை டிகிரிதான். சென்சாரில் விழும் நிலாவின் அளவு, லென்ஸின் குவியத் தூரத்தை (லென்ஸுக்குச் சொல்லும் மில்லிமீட்டர் எண்) 110-ஆல் வகுத்தால் வருவது. 50 மில்லிமீட்டர் லென்ஸில் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. 500 மில்லிமீட்டரில் நாலரை மில்லிமீட்டர், அதாவது 24 மில்லிமீட்டர் உயரமுள்ள சட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு.

நிலாவை ஓர் ஆளுக்குப் பின்னால் பெரிதாகக் காட்ட ஒரே வழி, அந்த ஆளைவிட்டு விலகிப் போவது. அதே 110 இங்கும் உதவும். 1.7 மீட்டர் உயரமுள்ளவர் உங்களிடமிருந்து ஏறக்குறைய 190 மீட்டர் தள்ளி நின்றால், நிலாவும் அவரும் ஒரே உயரம். இன்னும் தள்ளிப் போனால் நிலா அவரைவிடப் பெரிது. ஃபோகஸை ஆள் மேல் வையுங்கள், நிலா லேசாக மென்மையாவது உறுத்தாது. ஆனால் சீக்கிரம் எடுக்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் நிலா தன் அகலத்துக்கு நகர்ந்துவிடும். முதல்முறை முயன்றபோது நானும் நண்பரும் கையசைத்துக் கத்திக்கொண்டிருந்த நேரத்திலேயே நிலா அவர் தோளைத் தாண்டிவிட்டது. அன்றிலிருந்து திசையையும் நேரத்தையும் செயலியில் பார்த்து, நிற்கும் இடத்தில் முந்தின நாளே ஒரு கல்லை வைத்துவிட்டு வருகிறேன்.

"நிலாவும் விவரமா தெரியணும், நிலமும் தெரியணும். ஒரே படத்துல முடியுமா?"

முடியும். பௌர்ணமிக்கு முந்தின நாள் மாலை போங்கள். நிலா ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக எழுகிறது. பௌர்ணமியன்று சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி எழுகிறது என்றால், முந்தின நாள் சூரியன் மறைவதற்கு முன்பே மேலே வந்திருக்கும். (ஊரையும் பருவத்தையும் பொறுத்து இந்த இடைவெளி கூடும், குறையும்.) சூரியன் மறைந்து பத்து இருபது நிமிடத்துக்குள் நிலத்தில் மிச்சமிருக்கும் வெளிச்சமும் நிலாவும் ஒரே எக்ஸ்போஷருக்குள் வந்துவிடும். அதிகாலை விரும்பிகளுக்கு பௌர்ணமிக்கு மறுநாள் காலை இதே வாய்ப்பு மேற்கில்.

இந்தச் சமநிலைக்குப் புகழ்பெற்ற சாட்சி, அமெரிக்கப் புகைப்படக்காரர் அன்செல் ஆடம்ஸ் 1941-ல் நியூ மெக்ஸிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரில் எடுத்த நிலா எழும் படம். முழுமைக்கு ஓரிரு நாள் பாக்கியிருந்த நிலா, கீழே கல்லறைச் சிலுவைகளில் கடைசி வெயில். ஒளி அளக்கும் மீட்டரைத் தேடி எடுக்க நேரமில்லை. நிலாவின் பிரகாசம் சதுர அடிக்கு 250 கேண்டில் (ஒளியை அளக்கும் அலகு) என்பது அவருக்கு மனப்பாடம். அதை வைத்தே கணக்குப் போட்டு எடுத்தார். இரண்டாவது படத்துக்குத் தயாராவதற்குள் சிலுவைகளைவிட்டு வெயில் போய்விட்டது. எண்களை மனப்பாடம் செய்யச் சொல்லி நான் ஏன் இவ்வளவு தொந்தரவு செய்கிறேன் என்று கேட்பவர்களுக்கு இந்தப் படத்தைத்தான் காட்டுவேன்.

"நிலா சட்டத்துல வேண்டாம். அதோட வெளிச்சத்துல நிலத்தை மட்டும் எடுக்கணும்னா?"

நான் உயிரை விடும் விஷயம் இது. பௌர்ணமி நிலா சூரியனைவிடச் சுமார் 4 லட்சம் மடங்கு மங்கல். ஸ்டாப் கணக்கில் பதினெட்டரை. உச்சிக்கு ஏறிய பௌர்ணமி நிலாவில் ஐஎஸ்ஓ 800, எஃப் 4, 10 முதல் 15 விநாடி என்று தொடங்குங்கள். நிலா உங்கள் முதுகுப் பக்கம் அல்ல, தோள் பக்கம் இருக்கட்டும். பக்க ஒளி பற்றி மேலே சொன்னது இரவுக்கும் அப்படியே பொருந்தும்.

அரை நிலா என்றால் பாதி வெளிச்சம் இருக்குமென்று எல்லோரும் ஏமாறுகிறார்கள். பௌர்ணமி வெளிச்சத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். சாய்ந்த வெயிலில் நிலாவின் மேடுகள் தங்கள் நிழலாலேயே தரையை மறைத்துவிடுகின்றன. அதனால் மூன்று ஸ்டாப்புக்கு மேல் கூட்ட வேண்டும்.

ஆட்டோ ஃபோகஸ் இருட்டில் அலைபாயும். திரையில் நிலாவையோ தூரத்து விளக்கையோ பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றி, வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக அரை மணி நேரம் ஆகும், ஒரு வெள்ளை டார்ச் அதை ஒரு நொடியில் கெடுத்துவிடும். சிவப்பு விளக்கு வைத்துக்கொள்ளுங்கள். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு கேமராத் திரை அளவுக்கு மீறிப் பிரகாசமாகத் தெரியும், கறுத்த படமும் நன்றாக வந்ததுபோல் ஏமாற்றும். படத்தில் இருளும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தை மட்டும் நம்புங்கள். இன்னொன்று: பகலில் ஒருமுறை நடந்து பார்க்காத இடத்துக்கு இரவில் போகாதீர்கள், போவதை யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

"நிலா வெளிச்சத்துல எடுத்த படம் பகல்ல எடுத்த மாதிரியே இருக்கு. நிலா வெளிச்சம் நீலம் இல்லையா?"

நிலவொளி திரும்பி வரும் சூரிய ஒளிதான். அளந்து பார்த்தால் வெயிலைவிடக் கொஞ்சம் செம்மை கூடியது. நமக்கு அது நீலமாகத் தோன்றக் காரணம் கண். வெளிச்சம் குறையும்போது பார்வை வேறு வகைச் செல்களுக்கு மாறுகிறது. அவற்றுக்குச் சிவப்பு ஏறக்குறையத் தெரியாது, நீலப்பச்சை நன்றாகத் தெரியும். செக் உடலியல் அறிஞர் புர்கின்யே 1819-ல் கவனித்தது இது. வைகறை இருட்டில் சிவப்புப் பூக்கள் கறுத்து, இலைகள் மட்டும் பளிச்சென்றிருப்பதை நீங்களும் பார்க்கலாம்.

கேமராவுக்கு அந்தச் செல்கள் கிடையாது. நிறைய நேரம் ஒளியைச் சேர்த்தால் நீல வானமும் பச்சைப் புல்லுமாகப் பகலைத்தான் தரும். நான் கேமரா மாற்றாத மூலக் கோப்பாக (RAW) எடுத்து, நிறச் சாயலைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸை 4000 கெல்வின் பக்கம் இறக்கி, ஒரு ஸ்டாப் கறுக்கவைத்து, நிறங்களைக் கொஞ்சம் வற்றவைப்பேன். அங்கே நின்றபோது கண்டது அதுதான்.

"முப்பது விநாடி வெச்சா நட்சத்திரமெல்லாம் கோடா இழுக்குதே?"

500-ஐ லென்ஸின் மில்லிமீட்டரால் வகுங்கள். 24 மில்லிமீட்டருக்குச் சுமார் 20 விநாடி வரை புள்ளியாக நிற்கும். பெரிதாக அச்சிடுவதானால் இன்னும் குறைக்க வேண்டும்.

"கேமராவைத் தூக்கினதும் எல்லார் முகமும் மாறிடுது. இயல்பா எப்படி எடுக்கறது?"

ஒளிந்து எடுக்காதீர்கள். கூடவே இருங்கள். முதல் அரை மணி நேரம் எல்லோருக்கும் கேமராதான் கண்ணில் படும். பிறகு பேச்சும் வேலையும் அவர்களை இழுத்துக்கொள்ளும். நான் கேமராவைக் கழுத்தில் வெளிப்படையாகத் தொங்கவிட்டு, முதலில் வீணாகச் சில படங்கள் எடுப்பேன். சத்தம் பழகிவிடும். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்ட்டியே-ப்ரெஸ்ஸான் தன் சிறிய லைகா கேமராவின் பளபளக்கும் பாகங்களைக் கறுப்பு டேப்பால் மூடி வைத்திருந்தார். கவனத்தை ஈர்க்காத சின்ன உடல், ஒரே லென்ஸ், மெதுவான நடை: அதற்கு மேல் தந்திரம் தேவையில்லை.

கைக்கு வேலை கொடுங்கள். நூல் கோக்கிறவர், சைக்கிள் செயினை மாட்டுகிறவர், குழந்தைக்குத் தலை சீவுகிறவர், யாருக்கும் முகத்தைப் பற்றி நினைவிருக்காது. "சிரிங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862-லேயே காட்டியது: வாயோரத் தசையை நாம் நினைத்தபோது இழுக்கலாம், கண்ணைச் சுற்றியுள்ள தசை பெரும்பாலும் மனம் மகிழ்ந்தால்தான் சுருங்கும். சிரிப்பு உச்சத்தில் இருக்கும்போது எல்லோரும் எடுக்கிறார்கள். நான் அது அடங்கும் நொடிக்குக் காத்திருப்பேன். சிரித்து முடித்த முகத்தில் ஒரு வெளிச்சம் சற்று நேரம் தங்கும். அதுதான் அந்த ஆள்.

"அந்த நொடி போயிடுதே. செட்டிங் மாத்தறதுக்குள்ள முடிஞ்சு போகுது."

முன்பே வைத்துவிடுங்கள். எஃப் 4, ஷட்டர் 1/250, ஐஎஸ்ஓ ஆட்டோ. வீட்டுக்குள் வெளிச்சம் போதாவிட்டால் ஆளை நகர்த்தாமல் நீங்கள் நகர்ந்து, ஜன்னல் அவருக்குப் பக்கவாட்டில் வரும்படி நில்லுங்கள். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுக்கும்போது குழல் விளக்கு, எல்இடி வெளிச்சத்தில் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழலாம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அந்த விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிப்பதுதான் காரணம். ஷட்டரை 1/100 அல்லது 1/50-க்கு இறக்குங்கள். 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/120 அல்லது 1/60.

"கிட்டப் போய் எடுத்தா மூக்கு பெரிசா, முகம் வீங்கின மாதிரி வருது. லென்ஸ் சரியில்லையா?"

லென்ஸ் சரிதான், தூரம்தான் சரியில்லை. மூக்கு நுனிக்கும் காதுக்கும் இடையில் 12 சென்டிமீட்டர் என்று வையுங்கள். 40 சென்டிமீட்டரிலிருந்து எடுத்தால் மூக்கு காதைவிட 30 சதவீதம் பெரிதாக விழும். இரண்டு மீட்டரிலிருந்து எடுத்தால் 6 சதவீதம்தான். இரண்டு மீட்டர் தள்ளி நின்றுகொண்டு, அங்கிருந்து முகமும் தோளும் நிறையும் லென்ஸைத் தேர்ந்தெடுங்கள், 85 மில்லிமீட்டர் பக்கம் வரும். ஆளோடு இடமும் வேண்டுமென்றால் 35 போதும், அதே தூரத்தில்.

"தெரியாம ஒருத்தரை எடுக்கறது தப்பில்லையா?"

சட்டம் நாட்டுக்கு நாடு வேறு, போகும் இடத்தின் சட்டத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். சட்டம் அனுமதித்தாலும் என் வழக்கம் ஒன்று உண்டு. எடுத்த பிறகு கண்ணைப் பார்ப்பேன், திரையைக் காட்டுவேன், வேண்டாமென்றால் அவர் முன்னாலேயே அழிப்பேன். குழந்தை என்றால் கூட இருக்கும் பெரியவரிடம் முன்பே கேட்பேன். அழுகிறவர், தூங்குகிறவர், நோயில் இருப்பவர் பக்கம் கேமராவைத் திருப்புவதில்லை.

இதனால் சில நல்ல படங்கள் போயிருக்கின்றன. ஒரு பேருந்து நிறுத்தத்தில் மழைக்கு ஒதுங்கியிருந்த முதியவர் ஒருவரின் படம், நான் எடுத்த முகங்களில் முதல் பத்துக்குள் வரும். பார்த்துவிட்டு "வேண்டாம்பா" என்றார். அழித்தேன். பிறகு அவரே தன் மகனைப் பற்றி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்.

"நிலா வெளிச்சத்துலயே ஒரு ஆளை எடுக்க முடியுமா? அசைஞ்சிட்டே இருப்பாங்களே."

மேலே சொன்ன 10, 15 விநாடியில் முகம் நிற்காது. எஃப் 1.8, ஐஎஸ்ஓ 6400 என்று திறந்தால் பௌர்ணமியில் ஒரு விநாடிக்கும் கீழே இறங்கலாம். சுவரிலோ மரத்திலோ சாய்ந்து நிற்பவர் மூச்சை விட்ட கணத்தில் அது முடியும். புள்ளி புள்ளியாகத்தான் வரும். நான் அதைக் குறையாக நினைப்பதில்லை, இருட்டில் நம் கண்ணும் அப்படித்தான் பார்க்கிறது.

அல்லது அசைவை ஏற்றுக்கொள்ளுங்கள். 1838-ல் பாரிஸில், புகைப்படக் கலையின் முன்னோடி தகேர் தன் ஜன்னலிலிருந்து எடுத்த தெருப் படத்தில் அத்தனை வண்டிகளும் மனிதர்களும் மறைந்துபோனார்கள், ஏனென்றால் எக்ஸ்போஷர் சில நிமிடங்கள் நீடித்தது. ஓரத்தில் காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொள்ள நின்ற ஒருவர் மட்டும் பதிந்துவிட்டார். புகைப்படத்தில் பதிந்த முதல் மனிதர்களில் ஒருவர் அவர். தான் படமானது அவருக்குத் தெரியவே தெரியாது. ஒளிக்காகக் காத்திருந்த படமும் ஓர் ஆளின் இயல்பான படமும் அந்தத் தகட்டில் ஒன்றாகிவிட்டன.

"எடிட் பண்றது ஏமாத்து வேலைதானே?"

ஆடம்ஸ் அந்த ஹெர்னாண்டஸ் படத்தின் நெகட்டிவில் கீழ்ப்பகுதி மங்கலாக இருந்ததால் 1948-ல் அதை ரசாயனத்தால் வலுவூட்டினார். வருடங்கள் போகப் போக அச்சில் வானத்தைக் கறுப்பாக்கிக்கொண்டே போனார். இருந்த ஒளியை எடுத்துச் சொல்வது அது. 24 மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்த நிலத்தின் மேல் 500 மில்லிமீட்டரில் எடுத்த நிலாவை ஒட்டுவது வேறு. அதையும் செய்யலாம், ஆனால் ஒட்டியது என்று பார்ப்பவரிடம் சொல்லிவிடுங்கள். நிலாவின் நிழல் ஒரு பக்கமும் மரத்தின் நிழல் இன்னொரு பக்கமும் விழும் படங்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. முகத்தில் நான் தழும்பையும் சுருக்கத்தையும் தொடுவதே இல்லை.

"எல்லாரும் எடுத்த இடம்தானே. நான் புதுசா எடுக்க என்ன இருக்கு?"

நான் நடந்தே போய்வரக்கூடிய தூரத்தில் ஓர் ஏரிக்கரை, அதில் ஒரு சாய்ந்த மரம். பதினொரு வருடமாக அதைத்தான் எடுக்கிறேன். பௌர்ணமிக்கு முந்தின நாள் நிலா அதே மரத்துக்கு நேராக எழுவதில்லை. பருவத்துக்குப் பருவம் இடம் மாறி, சில மாதங்களில் மரத்துக்கு வெகுதூரம் இடப்பக்கம், சில மாதங்களில் வலப்பக்கம். கிளைகளுக்கு நடுவே சரியாக விழுவது வருடத்தில் ஓரிரு நாள், அன்றும் மேகம் இருக்கும்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மாலை எல்லாம் கூடிவந்தது. ட்ரைபாடை நட்டுக் காத்திருந்தபோது ஒரு பெண் தன் அம்மாவைக் கைபிடித்து அழைத்துவந்து மரத்தடியில் உட்காரவைத்தாள். நகரச் சொல்ல வாய் வரை வந்தது, சொல்லவில்லை. நிலா எழுந்தது. அம்மா கையை நீட்டி மகளுக்கு அதைக் காட்டினார். நான் எடுத்தேன். பிறகு போய்ப் படத்தைக் காட்டினேன். இருவரும் திரையைப் பார்த்துவிட்டு, மறுபடி நிலாவைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்கள்.